மருத்துவத்தின் ஐந்தாம் கூறு

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. 95ஆம் அதிகாரமாகிய அது, 'சூது' என்னும் அதிகாரத்தை அடுத்து நிற்கிறது. இவ்வைப்பு முறைக்கு உரையாசிரியர்கள் காட்டும் இயைபு ஒருபுறம் இருக்க, நோயும் பொருளும் சூதும் அருகருகே நிற்கும் இக்காட்சி இக்காலத்து மருத்துவமனையின் முன்கூடத்தில் நிற்பவர்க்கு நகைப்பையும் கவலையையும் ஒருங்கே தரும்.

அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்பன அவை. பரிமேலழகர் அந்நான்கையும் மேலும் நந்நான்காகப் பகுத்துப் பதினாறு இயல்புகள் காட்டுகிறார். ஆசிரியப் பெருமக்கள் இக்குறளை வகுப்பில் நடத்தும்போது பெரும்பாலும் நான்கு கூறுகளோடு நிறுத்திவிடுகின்றனர், பதினாறுக்குச் செல்வதில்லை. சென்றிருந்தால் ஒரு திடுக்கிடும் செய்தியைக் கண்டிருப்பர். நோயாளிக்கு இருக்க வேண்டிய நான்கு இயல்புகளுள் பரிமேலழகர் முதலாவதாக வைப்பது பொருள் உடையவனாய் இருத்தலை! மருத்துவர் சொற்படி நடத்தல், தன் நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் ஆகிய மூன்றும் அதன் பின்னரே வருகின்றன.

ஆகவே, பண்டைக் காலத்தில் மருத்துவம் காசு பாராத தூய தொண்டாக இருந்தது என்றும், இன்றுதான் அது வணிகமாய்க் கெட்டது என்றும் மேடைகளில் முழங்குவோர் கூற்று முழு உண்மையன்று. பொருளில்லாதவனுக்கு அன்றும் மருந்து அரிதாகவே இருந்திருக்கும். ஆனால், அதே உரையாசிரியர் மருந்துக்கு உரிய இயல்புகளுள் ஒன்றாக, எளிதில் கிடைக்கக் கூடியதாய் இருத்தலையும் வைத்தார் என்பதை மறக்கலாகாது. நோயாளியிடம் பொருள் வேண்டும். மருந்தோ எளிதில் கிட்ட வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள இழுபறியை அவர் தீர்த்து வைக்கவில்லை. நாமும் தீர்க்கவில்லை.

நம் மாணவர் எழுதும் கட்டுரைகளில் இவ்விழுபறிக்கு இடமே இல்லை. 'நான் விரும்பும் தொழில்' என்ற தலைப்பைக் கொடுத்தால் வகுப்பில் பலர் மருத்துவர் ஆவர். அவருள் ஏறக்குறைய எல்லாரும் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்ப்பர். இரண்டொருவர் மருத்துவமனையே கட்டிவிடுவர். கட்டுவதற்கான பணம் எங்கிருந்து வந்தது, அப்பணத்தைக் கொடுத்தவர் ஆண்டு முடிவில் என்ன கேட்பார் என்ற வினா அக்கட்டுரைகளில் எழுவதில்லை. பிள்ளைகளின் நல்லெண்ணத்தை நான் பழிக்கவில்லை. ஆனால், மருத்துவர் நல்லவராய் இருந்தால் மருத்துவமும் நல்லதாகிவிடும் என்ற எண்ணத்தை ஆண்டுதோறும் புள்ளி கொடுத்து வளர்க்கிறோமே, அதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றைய மருத்துவத்தில் வள்ளுவர் கூறாத ஐந்தாம் கூறு ஒன்று உண்டு. கட்டிலருகே அவர் வருவதில்லை, நாடி பார்ப்பதில்லை, மருந்து கலக்குவதில்லை. ஆயினும், யார் கட்டிலில் படுப்பது, எத்தனை நாள் படுப்பது என்பதில் அவர் சொல்லுக்கு வலிமை உண்டு. பணம் முடக்கியவரும், பணம் கட்டுவதாக உறுதி தந்தவருமே அந்த ஐந்தாமவர்.

இந்நாட்டுத் தமிழர்க்கு ஐந்தாமவர் புதியவர் அல்லர். நம் பாட்டன்மார் கண்ட முதல் மேனாட்டு மருத்துவமனை தோட்டத்து மருத்துவமனையே. மலாயாவின் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் கொன்று குவித்த நாள்கள் அவை. 1901இல் கிள்ளானில் மருத்துவப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியச் செய்து காய்ச்சலைத் தணித்த வரலாறு பலரும் அறிந்ததே. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்ட முதலாளிகள் தம் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்றது. அதனை இரக்கத்தால் பிறந்த சட்டம் எனக் கொள்வார் கொள்க. படுத்துக் கிடப்பவன் பால்மரம் வெட்டான் என்பது தோட்டக் கணக்கருக்கு நன்றாகத் தெரியும். கடல் கடந்து செலவு செய்து கொண்டுவந்த ஆள் ஆறு மாதத்தில் இறந்தால் அது கணக்கேட்டில் இழப்பு. தோட்டத்து 'டிரெஸர்' ஐயா காய்ச்சலுக்குக் கொடுத்த கசப்பு மருந்துக்குத் தொழிலாளி காசு கட்டவில்லை. கட்டியவர் இலண்டனில் இருந்த பங்குதாரர். அவர் தம் இலாபத்தின் பொருட்டே கட்டினார். என்றாலும், அங்கே ஐந்தாமவரின் இலாபமும் நோயாளியின் உடல்நலமும் ஒரே திசையில் நின்றன. தொழிலாளி எழுந்து வேலைக்குப் போனால் இருவர்க்கும் நன்மை. இன்றைய நிலையோடு ஒப்பிடுங்கால் இவ்வேறுபாடு முதன்மையானது.

விடுதலைக்குப் பின் அரசாங்கம் அவ்விடத்தை ஏற்றது. குடிமக்கள் அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளியும், நிபுணர் மருத்துவரைக் காண 5 வெள்ளியும் கட்டும் முறை 1982ஆம் ஆண்டுக் கட்டண ஆணையோடு நம் வாழ்வில் ஊறிப்போனது. இன்றும் அதுவே நடைமுறை. உலகில் பல நாட்டார் கேட்டால் நம்ப மறுக்கும் தொகை இது. இதனைப் பெருமையோடு கூறும் உரிமை நமக்கு உண்டு.

ஆனால், அதே ஆண்டுகளில்தான் மற்றொரு கதையும் தொடங்கியது. 1981இல் ஜொகூர் மாநில அரசின் வணிகக் கழகம் ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையைத் திறந்தது. 1983இல் தனியார்மயம் நாட்டின் கொள்கையாக அறிவிக்கப்பட்டது. 1992இல் தேசிய இருதயக் கழகம் அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனமாக அமைந்தது. 1990களின் நடுப்பகுதியில் அரசாங்க மருந்துக் கிடங்கும், மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, கழிவகற்றல், கட்டடம் மற்றும் கருவிகளின் பராமரிப்பு ஆகிய பணிகளும் நிறுவனங்களின் கைக்குப் போயின. 2008 டிசம்பரில் இருதயக் கழகத்தையே ஒரு பெருவணிக நிறுவனம் வாங்க முன்வந்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர், அம்முயற்சி கைவிடப்பட்டது. 2012இல் ஐ.எச்.எச். என்னும் மருத்துவமனைக் குழுமம் கோலாலம்பூர், சிங்கப்பூர் பங்குச் சந்தைகளில் ஒரே நாளில் பட்டியலிடப்பட்டது. அதன் பெரும் பங்குதாரர்களுள் நம் அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமும் ஒன்று. ஊழியர் சேமநிதி வாரியமும் பங்கு வாங்கியது.

சேமநிதியைப் பற்றி இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் பிடித்த பணம் மருத்துவமனைப் பங்காகிறது. மருத்துவமனை இலாபம் ஈட்டினால் அவருடைய இலாப ஈவு உயர்கிறது. அவருக்கே கடும் நோய் வந்தால், அதே சேமநிதிக் கணக்கிலிருந்து மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்க விதி இடம் தருகிறது. ஆக, அவர் தம் நோயினால் தமக்கே இலாபம் தேடித் தரும் விந்தை நிகழ்கிறது! மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த வேண்டிய அரசும் அவற்றின் பங்குதாரர். கட்டணம் கட்டுபவரும் பங்குதாரர். 'முதலாளிகள் கொள்ளையடிக்கின்றனர்' என்ற எளிய வசனத்தால் இச்சிக்கலை விளக்க இயலாது. இலண்டன் பங்குதாரரைச் சுட்டிக் காட்ட ஒரு விரல் போதுமாயிருந்தது. இன்றோ நீட்டிய விரல் பாதிவழியில் திரும்பி நம்மையே காட்டுகிறது.

இனிச் சொற்களுக்கு வருவோம். தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய இடம் அதுதானே.

தனியார் மருத்துவமனைகளின் அறிக்கைகளில் 'நோயாளி' என்ற சொல் மெல்ல ஒதுங்கி, 'வாடிக்கையாளர்' என்ற சொல் அவ்விடத்தில் அமர்ந்து வருகிறது. நோயாளி என்பது மரியாதைக் குறைவு என்றும், வாடிக்கையாளர் என்றால் அவர் உயர்த்தப்படுகிறார் என்றும் இதற்குக் காரணம் கூறுவர். இக்கருத்தை நான் ஏற்கவில்லை. வாடிக்கை என்பது வழக்கம். வழக்கமாய் வந்து வாங்குபவர் வாடிக்கையாளர். மளிகைக் கடைக்கு வாடிக்கையாளர் உண்டு. முடிதிருத்தும் நிலையத்துக்கு உண்டு. அறுவைக் கூடத்துக்கு வாடிக்கையாய்ப் போக எவரே விரும்புவர்? மேலும், வாடிக்கையாளர்க்குச் சில ஆற்றல்கள் உண்டு. அவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பார். பக்கத்துக் கடையில் விலை கேட்பார். 'இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம்' என்று திரும்பிவிடுவார். நெஞ்சு வலியோடு நள்ளிரவில் வந்தவர்க்கு இம்மூன்றில் எந்த ஆற்றல் இருக்கிறது? அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கென்னத் ஏரோ 1963இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் மருத்துவம் ஏனைய சந்தைப் பொருள்களைப் போன்றதன்று என்பதை விளக்கினார். எப்போது நோய் வரும் என்பது தெரியாது. எந்த மருத்துவம் பயன் தரும் என்பதும் வாங்குவோர்க்குத் தெரியாது. விற்பவரே 'உமக்கு இது தேவை' என்று கூறும் நிலையில் இருக்கிறார். கத்தரிக்காய் விற்பவர் 'உமக்கு இன்று இரண்டு கிலோ தேவை' என்று சீட்டு எழுதித் தந்தால் நாம் சிரிப்போம். மருத்துவமனையில் சிரிப்பதில்லை; கையொப்பமிடுகிறோம்.

வாடிக்கையாளர் என்ற பட்டம் அளிப்பதால் நோயாளிக்கு அந்த ஆற்றல்கள் வந்துவிடுவதில்லை. வந்து சேர்வது பொறுப்பு ஒன்றே. விசாரித்து வந்திருக்க வேண்டும், படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டிருக்க வேண்டும், விதியை அறிந்திருக்க வேண்டும் என்று பின்னர் அவரைக் கடிந்துகொள்ள அப்பட்டம் வசதியாக இருக்கிறது.

ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவு முகப்பில் நான் கண்டது இது. எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். படிவம் நான்கில் பயிலும் பேத்தி ஆங்கிலப் படிவத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். 'கேரண்டி லெட்டர்' இன்னும் வரவில்லை, வந்தால்தான் மேலே கொண்டுபோவார்கள் என்று அவள் கூறவும், அந்த அம்மையார், "கேரண்டின்னா யாருக்கு யாரு குடுக்கிற கேரண்டி, தாயி?" என்று கேட்டார். பேத்தியால் விடை கூற இயலவில்லை. முகப்பில் இருந்தவரும் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவ்வினாவை ஒரு திறனாய்வாளனின் வினாவாகவே நான் கருதுகிறேன். 'உறுதிக் கடிதம்' என்று நாம் தமிழாக்கிக்கொண்டால், நோயாளிக்கு ஏதோ உறுதி கிடைத்துவிட்டது போன்ற ஒலி அதில் எழுகிறது. உண்மையில் அது காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்குத் தரும் உறுதி. 'உங்கள் பணம் இவ்வளவு வரை பத்திரம்' என்பதே அதன் பொருள். நோயாளி குணமாவார் என்றோ, செலவு முழுவதும் ஈடாகும் என்றோ அதில் ஒரு வரியும் இல்லை. நான்கு கூறுகளுள் எவர்க்கும் உரியதன்று அக்கடிதம். ஐந்தாமவர் ஐந்தாமவர்க்கு எழுதிக்கொள்வது.

மருத்துவமனைச் செலவுச் சீட்டும் ஓர் இலக்கியமே. அதனைப் படிக்கக் கற்க வேண்டும். தனியார் மருத்துவ வசதிகள், சேவைகள் சட்டம் 1998இல் இயற்றப்பட்டு 2006 மே 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் மருத்துவர் பெறும் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தன. கட்டில், மருந்து, கையுறை, ஊசி, கருவி ஆகியவற்றுக்கு மருத்துவமனை போடும் விலைக்கு அத்தகைய வரம்பு விதிக்கவில்லை. ஆகவே, சீட்டில் மருத்துவரின் பெயருக்கு நேரே உள்ள தொகையைக் கண்டு 'டாக்டர் பறித்துக்கொண்டார்' என்று சினப்பவர், அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளைப் படிக்கத் தவறுகிறார். வரம்பு உள்ள இடத்தில் நம் கோபம். வரம்பில்லாத இடத்தில் நம் அமைதி! 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையை எழுதி வைக்க வேண்டும் என்ற ஆணை வந்தபோது மருத்துவர் பலர் புத்ராஜெயாவில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். தம் தொழிலைக் கடை வைப்பவரின் தொழிலாக்கிவிட்டனர் என்பது அவர்தம் குறைகளுள் ஒன்று. அதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆயினும், விலையை எழுதி வைக்காவிட்டால் கடை கடையன்று என்று ஆகிவிடுமா?

காப்புறுதிக் கட்டணம் இன்னொரு படலம். 2024இல் பலருடைய மருத்துவ அட்டைக்கான சந்தா திடீரென உயர்ந்து கூக்குரல் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றும், 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஆகக் குறைந்த திட்டத்தில் இருப்பவர்க்கு ஓராண்டு உயர்வை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் பணித்தது. பரப்புதல் குறைத்தல் ஆகாது. இளமையில் கட்டிக்கொண்டே வந்து, முதுமையில் நோய் வருங்கால் கட்ட இயலாமல் விட்டுவிடுவோரை எண்ணும்போது, சூதுக்கு அடுத்து மருந்து வைக்கப்பட்டது நினைவுக்கு வருகிறது.

தனியார் மருத்துவமனைக்காக வாதாடுவோர் கூறுவதையும் கேட்க வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் 5 வெள்ளி கட்டுகிறோம். அரைநாள் சம்பளத்தையும் அங்கேயே விட்டு வருகிறோம். காத்திருத்தலும் ஒரு விலைதான். அது சீட்டில் அச்சாவதில்லை என்பதே வேறுபாடு. 2021 ஜூலை 26ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் பணியிடத்தை விட்டு வெளியே வந்து நின்றதை நாடே கண்டது. நிலையான வேலை தராத அரசிடமிருந்து மருத்துவர் விலகிப் போவதற்குத் தனியார் பேராசை ஒன்றே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. இவ்வாதத்தை நான் ஒப்புகிறேன். ஆனால், நடுத்தரக் குடும்பங்கள் அட்டையைக் காட்டித் தனியாரிடம் போய்விட்டால், அரசாங்க மருத்துவமனையின் குறையைக் கேட்க உரத்த குரல் அங்கே மிஞ்சாது. பேசத் தெரிந்தவர் எல்லாம் வேறு வாயில் வழியே போய்விடுகின்றனர்.

அண்டை நாடாகிய சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. 1960இல் அங்கே புறநோயாளிக் கட்டணமாக 50 காசு விதிக்கப்பட்டது. 1984இல் 'மெடிசேவ்' சேமிப்பு வந்தது. பொது மருத்துவமனைகள் நிறுவனங்களாயின; படுக்கைகள் வகுப்பு வாரியாகப் பிரிந்தன; குறைந்த வகுப்புக்கு அரசின் உதவித் தொகை மிகுதி. அங்கே நிகழ்ந்த ஒன்று நமக்கு நல்ல பாடம். மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர்க்கு நியாயமான கட்டணம் இவ்வளவு என வழிகாட்டிவந்தது. வணிகப் போட்டிச் சட்டத்துக்கு அது முரணாகலாம் என்ற அச்சத்தால் 2007இல் அவ்வழிகாட்டி மீட்டுக்கொள்ளப்பட்டது. விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று எண்ணினர் போலும். 2018இல் சுகாதார அமைச்சே கட்டண அளவுகோல்களை வெளியிட வேண்டியதாயிற்று. பதினொரு ஆண்டுகளில் சந்தை கற்றுக் கொடுத்தது அவ்வளவே.

நம் எழுத்தாளர்களிடமும் ஒரு குறை உண்டு. நான் படித்த அளவில், நம் சிறுகதைகளில் மருத்துவமனை சாவதற்குரிய இடமாகவோ, பிரிந்தவர் சேர்வதற்குரிய இடமாகவோதான் வருகிறது. வெள்ளைச் சுவர், மருந்து நெடி, கைகூப்பும் உறவினர், 'கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்' என்னும் மருத்துவர் ஆகியோருடன் கதை முடிகிறது. முகப்பில் முன்பணம் கேட்பவர் வருவதில்லை. அண்ணன் தம்பி மூவர் வெளியே நின்று யார் எவ்வளவு போடுவது என்று தாழ்ந்த குரலில் பேசும் அந்த அரை மணி நேரம் வருவதில்லை. தோட்டத்துக் கங்காணியையும் கிராணியையும் உயிரோடு வரைந்த நம் புனைகதை, காப்புறுதி முகவரை இன்னும் முழுமையாய் வரையவில்லை. அவர் பெரும்பாலும் நம் உறவினராகவே இருப்பார். திருமண வீட்டில் அருகில் அமர்ந்து அன்போடு பேசுவார். நம் நன்மையை உண்மையாகவே விரும்புவார். அவரை வில்லனாக்காமல் எழுதுவது கடினம். கடினமான இடத்தில்தான் கதை இருக்கிறது.

சொல்லாக்கத்தில் ஈடுபடும் ஆசிரியர்கள் உடனே மேற்கொள்ளக்கூடிய வேலை ஒன்று உண்டு. காப்புறுதிப் பத்திரங்களில் வரும் 'டிடக்டிபள்' என்பதைச் சிலர் 'கழிவுத் தொகை' என்று பெயர்க்கின்றனர். நம் கடைத்தெருவில் கழிவு என்றால் விலையைக் குறைத்துத் தருவது. தீபாவளிக் கழிவு விற்பனைக்கு ஓடுகின்றவர், பத்திரத்தில் அச்சொல்லைக் கண்டால் தமக்கு ஏதோ குறைகிறது என்றே மகிழ்வார். உண்மையில் அது நிறுவனம் ஒரு காசு தருமுன் நாம் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. 'தன்பொறுப்புத் தொகை' என்றால் பொருள் மறையாது. செலவில் ஒரு பகுதியை நோயாளி ஏற்கும் முறையை 'இணைக்கட்டணம்' என்பதைவிடப் 'பங்குக் கட்டணம்' என்பது தெளிவு. உறுதிக் கடிதத்தை 'மருத்துவமனைக்கான பண உறுதி' என்று நீட்டியே சொல்லலாம், நீளம் குற்றமன்று.

'முன்னிருந்த நோய்' என்ற தொடருக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. காப்புறுதி எடுக்குமுன்பே உடலில் இருந்த நோய்க்கு நிறுவனம் பணம் தராது என்பது அதன் கருத்து. நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவரின் முழங்கால் வலி எந்த ஆண்டு, எந்த மாதம் தொடங்கியது என்று படிவம் கேட்கிறது. விடை எழுத அதில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு கோடு விடப்பட்டிருக்கிறது.